என் பொண்ணு நூத்தது

எனக்கு நூற்கத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தைத் திருவள்ளூரில் யாரையாவது நம்பவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்றைக்கும் எங்கள் பழைய தெருப்பக்கம் போனால் யாராவது ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "உன் கை நூல் மாதிரி வராதும்மா" என்பார். சிரித்து வைத்துவிட்டு வருவேன். வேறென்ன செய்வது?

அறுபதுகளின் ஆரம்பத்தில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தக்ளி வகுப்பு இருந்தது. ஒரு இரும்புக் கம்பி, அதன் அடியில் ஒரு பித்தளை வட்டு. கம்பியைத் தொடையில் வைத்து ஒரு உருட்டு உருட்டிவிட்டால் அது பம்பரமாகச் சுற்றும். இடது கையில் இருக்கும் பஞ்சு நூலாக இறங்கும். மற்றவர்களுக்கு இறங்கியது. எனக்கு இரண்டு விதமாகத்தான் வரும். ஒன்று அறுந்து தக்ளி 'டணார்' என்று தரையில் விழும். இல்லையென்றால் பஞ்சு அப்படியே திரண்டு கயிறாக வரும். டீச்சர் என் நூலை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "இதுல கன்னுக்குட்டியைக் கட்டலாம்" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். வாரம் ஒரு சிட்டம், அதாவது ஒரு கற்றை நூல், நூற்றுக் கொடுக்காவிட்டால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். நான் வெளியிலேயே குடியிருந்தேன் என்று சொல்லலாம்.

வீட்டில் என் அவஸ்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஒருநாள் தக்ளியைப் பிடுங்கிக்கொண்டாள். "குடுடி இப்படி. பார்க்கவே சகிக்கலை."

அத்தை அப்பாவின் தங்கை. என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவள். பதினேழில் கல்யாணம், பதினெட்டில் கணவன் போய், எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். எட்டாவது வரை படித்திருந்தாள். பொட்டு இல்லாமல், வெளிறின புடவையில், சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருப்பாள். அவள் தக்ளியை உருட்டினாள். நான் வாயைப் பிளந்தேன். முடியைப் போல் மெல்லிய நூல், ஒரு முடிச்சில்லை, ஒரு திரட்டில்லை. "நீ எங்க கத்துண்டே?" என்றதற்கு, "உன்னைப் பார்த்துத்தான். நீ செய்யற எதையும் செய்யாம இருந்தேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு என் சிட்டமெல்லாம் அவள் நூற்றதுதான். டீச்சர் என்னை உள்ளே விட்டார்.

அத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அப்பா பார்த்துவிட்டார்.

அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம். அது போக வருஷத்துக்கு ஒருமுறை, ஆவணி அவிட்டத்துக்கு, தெருவில் இருக்கிற ஆண்களுக்கெல்லாம் பூணூல் செய்து கொடுப்பது அவர் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. நாலு விரலில் தொண்ணூற்றாறு சுற்றுச் சுற்றி, மும்மூன்றாக முறுக்கி, முடிச்சுப் போட்டு மஞ்சள் தடவி வைப்பார். நூல் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கன்னிப்பெண் நூற்ற நூல் என்றால் உத்தமம். சுமங்கலி நூற்றால் சரி. கணவனை இழந்தவள் நூற்றால் கூடவே கூடாது. மாடத்தில் நான் வைத்திருந்த சிட்டத்தை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தவர், "யார் நூத்தது?" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தாள்.

"நான்தாம்பா."

அவ்வளவுதான். அந்த ஆவணியில் தெருவே என் நூலைப் போட்டுக்கொண்டது. வேத வாத்தியார் முதற்கொண்டு சட்டையில்லாத மார்பைத் தடவிக்கொண்டே என்னை ஆசீர்வதித்தார்கள். அப்பா வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என் பொண்ணு நூத்தது, என் பொண்ணு நூத்தது" என்று மாய்ந்து போனார். அத்தை உள்ளே பாயசம் கிண்டிக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தால் என்னை நாலு அறை அறைவார்கள். அவளைப் புகுந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். அந்த வீடு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அதே வருஷக் கடைசியில் சீனாக்காரனோடு சண்டை வந்தது. இமயமலைப் பனியில் நிற்கும் ஜவான்களுக்குக் காலுறை பின்னி அனுப்ப வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு உருண்டை பச்சைக் கம்பளி நூலும், நாலு ஊசியும், ஆங்கிலத்தில் ஒரு தாளும் கொடுத்தார்கள். வியர்வையில் கம்பளி நூல் விரலில் ஒட்டிக்கொண்டது. அதைவிட மோசம், வகுப்பில் ஒருத்தியும் பிறந்ததிலிருந்து காலுறை போட்டதில்லை. டீச்சரும் போட்டதில்லை. தாளில் குதிகாலுக்கு எப்படித் திருப்புவது என்று போட்டிருந்த பத்தி யாருக்கும் புரியவில்லை. அதனால் குதிகாலையே விட்டுவிட்டோம். நாற்பது பெண்களும் சேர்ந்து நீளநீளமாகக் குழாய் பின்னிக் குவித்தோம். ஒரு முனையைத் தைத்துவிட்டால் காலுறை. தும்பிக்கைக்கு வேண்டுமானால் பொருந்தியிருக்கும்.

என் குழாயைப் பார்த்த அத்தைக்குப் பொறுக்கவில்லை. தெருவில் ஷூ போடுகிற ஒரே ஆள் ரயில்வே கார்டு. அவர் வீட்டிலிருந்து கிழிந்த கம்பளிக் காலுறை ஒன்றை வாங்கிவந்து, ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துப் பார்த்தாள். பிரித்ததைத் திரும்பப் பின்னினாள். மறுபடி பிரித்தாள். சைக்கிள் கம்பியைத் துவைக்கிற கல்லில் தேய்த்துத் தனக்கென்று நாலு ஊசி செய்துகொண்டாள். இதில் ஒரு சௌகரியம் இருந்தது. குளித்து மடியாக இருக்கும்போது பருத்தியைத் தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். கம்பளிக்கு அந்த விழுப்பு, தீட்டு எதுவும் கிடையாது. அதனால் உலை கொதிக்கிற நேரமெல்லாம் அத்தை அடுப்படியிலேயே பின்னினாள். அம்மா, "கம்பளி மடிதானே, பின்னிட்டுப் போறா" என்று விட்டுவிட்டாள். பத்து நாளில் ஒரு ஜோடி. குதிகால் கச்சிதமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தது.

அதையும் நான்தான் பின்னினேன் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். புத்தி எங்கே போனதோ!

தலைமையாசிரியை அந்தக் காலுறைக்குள் கையை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை மேசைக்கு எதிரே உட்காரவைத்து, ஊசியையும் நூலையும் நீட்டி, "இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருவாங்க. குதிகால் எப்படித் திருப்புறேன்னு செஞ்சு காட்டு" என்றார். நான் நாலு ஊசியையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். ஒன்று கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கும்போது அழுகை வந்துவிட்டது. "எங்க அத்தை" என்றேன்.

அவர் திட்டவில்லை. விசாரித்தார். எட்டாவது பாஸா, என்ன வயது, வீட்டில் யார் பொறுப்பு. கொஞ்ச மாதம் கழித்து ஒரு விண்ணப்பத் தாளை என் கையில் கொடுத்தார். பெண்களுக்குக் கைத்தொழில் ஆசிரியைப் பயிற்சி, இரண்டு வருஷம், விடுதியோடு. முடித்தால் பள்ளிக்கூடத்தில் வேலை. பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். ஆவணி முடிவதற்குள் அனுப்பியாக வேண்டும்.

அத்தை அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். நிரப்ப வேண்டியதையெல்லாம் பென்சிலால் எழுதிப் பார்த்து, அப்புறம் பேனாவால் எழுதினாள். எதற்கும் ஆசைப்படுகிறவள் இல்லை. இதற்கு ஆசைப்பட்டாள். "ரெண்டு வருஷம்னா சீக்கிரம் ஓடிடும், இல்லே?" என்று என்னிடம் கேட்டாள், ஏதோ நான் அனுப்பிவைக்கப் போகிறவள் போல.

அப்பா தாளை வாங்கிப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார். வைத்தவர் வைத்தவர்தான். காலையில் பஞ்சாங்கம் பார்ப்பார், திரும்ப அதே இடத்தில் வைப்பார். நான் பேனாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதை எடுத்துப் பால்காரர் சீட்டில் எழுதிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாட்டேன் என்று சொன்னாலாவது சண்டை போடலாம். அதையும் சொல்லமாட்டார். இருபது நாள் இப்படி உயிரை வாங்கினார்.

ஆவணி அவிட்டம் வந்தது. அந்த வருஷமும் தெருவுக்கெல்லாம் 'என்' நூல். குளக்கரையில் புதுப் பூணூல் மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, அம்மா ஆரத்தி எடுத்ததும், அப்பா இலையில் உட்கார்ந்தார். நல்ல மனநிலையில்தான் இருந்தார். அம்மா அதைப் பார்த்து மெதுவாக ஆரம்பித்தாள்: "ஏன்னா, அந்தத் தாள்ல ஒரு கையெழுத்து…"

"அவளுக்கு என்ன தெரியும், பாவம்?" என்றார் அப்பா. அத்தை அங்கேயே நெய் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். "கைவேலை கத்துக்குடுக்கப் போறாளாம்! கைவேலைங்கறது இவளுக்கு வரும், என் பொண்ணுக்கு. தெருவே சொல்றது. அவ இங்கேயே இருக்கட்டும், என்ன குறைச்சல்?"

எனக்குள் எதுவோ அறுந்தது. "எனக்கு நூக்கவே தெரியாதுப்பா! உங்க மார்புல கிடக்கறது அத்தை நூத்தது. போன வருஷமும் அத்தை நூத்தது. தெருவுல எல்லார் மேலயும் கிடக்கறது அத்தை நூத்தது!"

அப்பாவின் கை பூணூலுக்குப் போனது. கட்டைவிரலில் மாட்டி, தோளிலிருந்து பாதி தூக்கினார். அங்கேயே நின்றுவிட்டார். பூணூல் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது. கழற்றுவதானால் முதலில் இன்னொன்றைப் போட்டுக்கொண்டுதான் கழற்ற வேண்டும். இன்னொன்று டப்பாவில் இருந்தது. பத்துப் பன்னிரண்டு இருந்தது. எல்லாம் அத்தை நூற்றது. கையைத் தோளில் வைத்தபடி டப்பாவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதைப் பழைய இடத்திலேயே விட்டார்.

"வாத்தியாருக்கும் குடுத்தேனே" என்றார். சாதம் ஆறிப்போயிற்று.

மறுநாள் காலையில் பஞ்சாங்கத்துக்கு மேலே தாள் இருந்தது, கையெழுத்தோடு. அம்மாவிடம் சொன்ன காரணம் எனக்குக் கேட்டது. "இங்க இருந்தா என்னிக்காவது வாய் தவறி வெளில வந்துடும். தெருவுல தலைகாட்ட முடியாது." தங்கை உருப்பட வேண்டும் என்பதற்காகப் போடாத கையெழுத்தைத் தெருவுக்குப் பயந்து போட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தைக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. "ஏண்டி இப்படிப் போட்டு உடைச்சே?" என்று என் காதைத் திருகினாள். திருகிக்கொண்டே, "தேதி போட்டிருக்காரா பாரு" என்றாள்.

அத்தை போனாள். அடுத்த ஆடியில் என் பெயருக்குத் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே நாலு சிட்டம் நூல். நான் பிரிப்பதை அப்பா பார்த்தார். எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "போறுமா அது?" என்று மட்டும் கேட்டார். ஆவணியில் பழையபடி, "என் பொண்ணு நூத்தது." எனக்குக் காது கூசியது. ஒவ்வொரு வருஷமும் பொட்டலம் என் பெயருக்கு வரும். நான் கல்யாணமாகி நாலு தெரு தள்ளிப் போனதும் அங்கே வந்தது. அப்பாவே நடந்து வந்து வாங்கிப் போவார். அனுப்பினவள் பெயரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. லீவுக்கு அத்தை வந்தால் சௌக்கியமா என்பார், ஊரில் மழையா என்பார். நூலைப் பற்றி ஒரு சொல் வராது.

எழுபதுகளில் அத்தைக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஒரு வருஷம் ஆடி பாதி போயும் பொட்டலம் வரவில்லை. அப்பா தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் தண்ணீர் இல்லாதது போல. கடைசியில், "ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்றார். யாரை, எதற்கு என்று சொல்லவில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை அது. பெரியபாளையத்தில் பஸ் மாற வேண்டும். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாக ரோடு அடைத்துக்கொண்டு நின்றது ஜனம். பஸ்ஸில் என்மேல் சாய்ந்திருந்த அம்மாள், "இன்னாம்மா, இட்ச்சிகினே நிக்கிற? தள்ளிக்கினு போயேன்" என்று என்னையே திட்டினாள். கவரைப்பேட்டை தாண்டியதும் வயல் இருந்த இடமெல்லாம் கம்பி வேலியும் தகரக் கூரையும் புகைபோக்கியுமாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது என் தலை வெடித்துக்கொண்டிருந்தது.

தகரக் கொட்டகையில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் தக்ளி, பாதிப்பேர் ஊசி. நேற்றுவரை வயலில் கூலிவேலை செய்து, இப்போது ஃபேக்டரிக்குப் போகிறவர்களின் பெண்கள். ஒருத்தி கெட்டி நூலில் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். "நைனாவுக்குக் கம்பெனி பூட்ஸ் கடிக்குதுக்கா. அதான் இன்னொரு ஜோடி போட்டுக்கினு இருக்கேன்" என்று காட்டினாள். குதிகால் கச்சிதமாகத் திரும்பியிருந்தது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"நூல் எங்கே அத்தை? அங்க அப்பா தண்ணி குடிச்சே செத்துடுவார் போலிருக்கு" என்றேன்.

"கொஞ்சம் லேட்டாயிடுத்து. இவாளுக்குப் பரீட்சை" என்று ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தாள். "எனக்கு எங்கடி நேரம்? மூணு வருஷமா இவாதானே நூக்கறா."

நான் பெட்டியைப் பார்த்தேன். பெண்களைப் பார்த்தேன். எங்கள் தெருவில் காலெடுத்து வைக்கவே யோசிக்க வேண்டியிருந்த வீட்டுப் பெண்கள். மூன்று வருஷமாக இவர்கள் நூல்தான் வேத வாத்தியார் மார்பில்.

"அத்தை! அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"கன்னிப்பொண்ணு நூத்தாத்தானே உத்தமம்? எல்லாம் கன்னிப்பொண்ணுதான். என் நூலுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றாள் அத்தை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

காலுறை பின்னிய பெண் நிமிர்ந்தாள். "எங்க நூலு நல்லாகீதாக்கா? உங்க நைனா இன்னா சொன்னாரு?"

"ரொம்ப உசத்தியான நூல்னார்."

"எங்க பேரு சொன்னீங்களா?"

நூலைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பும்போது பஸ்ஸில் எல்லார்மேலும் கோபமாக வந்தது. முதலில் என்மேல்.

அந்த ஆவணி அவிட்டத்துக்கு அப்பா வீட்டு வாசலில் நாலைந்து பெரியவர்கள். அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்: "என் பொண்ணு…"

"நான் நூக்கலை" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "எனக்கு நூக்கத் தெரியாது. மூணு வருஷமா இது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போறவா வீட்டுப் பொண்கள் நூத்தது."

வேத வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். "பார்த்தேளா! இவ்வளவு கைத்திறமை இருந்தும் தற்பெருமையே கிடையாது!" எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நான் அப்படியே நின்றேன். நிஜத்தைக் கத்திச் சொன்னாலும் இந்தத் தெருவில் அது அடக்கமாகிவிடுகிறது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். கை பூணூலில் இருந்தது. சாதியைச் சொல்லிக் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்போ இது அவ நூத்தது இல்லையா?" என்றார். "மூணு வருஷமா அவ நூத்ததுன்னு நெனச்சுண்டிருந்தேனே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அவ நூல்னா அவ்வளவு பிரியமா? அதை அவகிட்ட ஒரு தடவை சொன்னேளா? பத்துப் பன்னெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை?"

ஒரு இன்லண்ட் கடிதத்தை எடுத்துவந்து பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை நான் நகரவில்லை. நெடுநேரம் யோசித்து, எழுதி, மடித்து, ஒட்டுவதற்கு முன் என்னிடம் கொடுத்தார். பிரித்துப் படித்தேன்: 'சிரஞ்சீவி தங்கைக்கு ஆசீர்வாதம். நூல் வந்தது. நீ நூற்றதில்லை என்று தெரிந்தது. முறுக்கு போதாது. உன் நூலில் அந்தக் குறை ஒருநாளும் இருந்ததில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.'

முறுக்கு போதாதாம்! மூன்று வருஷம் தெரியாதவருக்கு இன்று தெரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு தபாலில் போட்டேன்.

அடுத்த ஆடியில் பொட்டலம் என் பெயருக்கு வரவில்லை. அப்பா பெயருக்கு வந்தது. ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். போனேன். மடியில் இரண்டு சிட்டம், பக்கத்தில் அத்தையின் கடிதம். 'அண்ணாவுக்கு நமஸ்காரம். ஒன்று நான் நூற்றது. இன்னொன்று, முறுக்கு போதாது என்று நீங்கள் எழுதியதைப் படித்துக் கோபப்பட்ட என் மாணவி நூற்றது. எது எது என்று உங்களுக்கே தெரியும்.'

காலையிலிருந்து விரலில் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறார். இரண்டையும் என்னிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு. இதுல எது அவ நூத்தது?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன். "எனக்குத்தான் நூக்கத் தெரியாதே."